என் தங்கை பச்சைக்கு மாறிய ஆவணி

எங்கள் யூனிட்டில் காலை டீ பதினோரு மணிக்கு வரும். கிளாஸ்கோவில் அப்போது விடிகாலைதான். என் தங்கை வேலைக்குப் போகும் மாடி பஸ்ஸில் மேலே முதல் சீட்டைப் பிடித்து உட்கார்ந்துகொண்டு எனக்குப் போன் செய்வாள். நான் ஈர ஸ்பாஞ்சைக் கீழே வைத்து, கையில் ஒட்டியிருக்கும் வெள்ளை மண்ணைக் கழுவிவிட்டு, காதில் ஒயரை மாட்டுவேன். அவள் "அக்கா" என்பாள். நான் "சொல்லுடி" என்பேன். அதற்குப் பிறகு டீ கிளாஸ் காலியாகும்வரை நாங்கள் பேசுவது கால்பந்து.

வெளியே சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். விருத்தாசலத்தில் கிரிக்கெட் பேச ஆள் உண்டு, கபடி பேச ஆள் உண்டு. ஸ்காட்லாந்து கால்பந்து பேச எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான். கரண்டுப் பெட்டியில் மாட்டுகிற பீங்கான் பியூஸ்களைச் சூளைக்கு அனுப்புவதற்கு முன்னால் ஓரத்துப் பிசிறை ஈர ஸ்பாஞ்சால் துடைத்து எடுப்பது என் வேலை. பந்து விளையாடுகிற மைதானத்தை நான் பள்ளிக்கூடத்தோடு விட்டவள்.

தங்கை நர்சிங் முடித்து, முதியோர் இல்லம் ஒன்றில் வேலை கிடைத்து அங்கே போனாள். முதல் சில வாரம் போனை எடுத்தாலே அழுகை. குளிருது என்பாள், சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டுது என்பாள், பேச ஆள் இல்லை என்பாள். நானும் சாப்பிட்டியா, ஸ்வெட்டர் போட்டியா என்று கேட்டுக் கேட்டு, கேட்பதற்கு வேறு ஒன்றும் இல்லாமல் போயிற்று. பஸ் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கும்.

அப்போதுதான் அவள் பொறுப்பில் ஒரு வயசாளி வந்தார். அந்த ஊரில் இரண்டு பெரிய கால்பந்து கிளப்புகள். ஒன்றின் சட்டை பச்சை, இன்னொன்றின் சட்டை நீலம். ஒரே ஊருக்குள் இருந்துகொண்டு ஜென்மப் பகை. அந்த வயசாளி நீலம். காலையில் கஞ்சிக் கிண்ணத்தோடு யார் போனாலும், "நீ எந்தக் கட்சி?" என்று கேட்பாராம். பச்சை என்றால் வாயைத் திறக்கமாட்டார். என் தங்கை ஒன்றும் தெரியாமலே நீலம் என்று சொல்லிவிட்டாள். அவர் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டார்.

அவள் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். அங்கே போன பிறகு அவள் சிரித்து நான் கேட்டது அன்றுதான் முதல்முறை. அந்தச் சிரிப்பை விட எனக்கு மனசு வரவில்லை.

"நீ நீலமா? அப்ப நான் பச்சை," என்றேன்.

"உனக்கு பச்சையப் பத்தி என்னாக்கா தெரியும்?"

"உன்ன விட ஜாஸ்தி தெரியும், பாக்கறியா?"

அன்றைக்கே போனில் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். இங்கிலீஷை அமுக்கினால் தமிழாக மாற்றிக் கொடுக்கும். ஒரு ஆட்டக்காரனுக்கு மருத்துவப் பரிசோதனை முடிந்தது என்று போட்டிருந்தது. பாவம், என்ன நோயோ என்று நினைத்துக் கவலைப்பட்டேன். வேலைக்குச் சேர்க்கும் முன் எடுக்கும் மெடிக்கல்தான் அது என்று தங்கை சொல்லி, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள்.

ஆட்டத்தைவிட எங்களுக்கு வதந்திகள்தான் பிடித்தன. யாரை விற்கப் போகிறார்கள், யாருக்குப் பயிற்சியாளரோடு சண்டை, யாருடைய மனைவிக்கு அந்த ஊர் மழை பிடிக்கவில்லை. ஆட்டம் இல்லாத மாதங்களில் பேச்சு இன்னும் கூடும். வாயில் நுழையாத பெயர்களையெல்லாம் நாங்கள் மாற்றிவிட்டோம். பச்சையில் தலைமயிர் சுருள்சுருளாக ஒருவன் உண்டு, இடது பக்கம் ஓடுபவன். அவனுக்குச் சுருட்டை என்று பெயர். நீலத்தின் கோல்கீப்பர் நெட்டை. எதிர் பெஞ்சில் வேலை செய்யும் அக்கா கம்மாபுரத்திலிருந்து ஸ்கூட்டியில் வருகிறவர். நான் பேசுவதைக் கேட்டுக் கேட்டு அவருக்கும் இவர்கள் எல்லோரும் பழக்கமாகிவிட்டார்கள். போனை வைத்ததும், "சுருட்டைக்குக் கால் வலி தேவலையா?" என்று விசாரிப்பார்.

இப்படி இரண்டு வருஷம் ஓடிற்று. என் நாளிலேயே நல்ல நேரம் எது என்று யாராவது கேட்டிருந்தால் அந்த டீ நேரத்தைத்தான் சொல்லியிருப்பேன்.

போன ஆடியில் ஒருநாள் தங்கை வழக்கத்தைவிட உரக்கப் பேசினாள்.

"அக்கா, கேட்டா நீ மயக்கம் போட்டுடுவ. சுருட்டை எங்க கிளப்புக்கு வரான்."

பச்சையிலிருந்து நீலத்துக்கு நேராக ஒருவன் போவது நடக்கிற காரியமே இல்லை. அப்படிப் போனால் அவன் அந்த ஊரில் தலைகாட்ட முடியாது. எனக்கு அது தெரியும், அவளுக்கும் தெரியும்.

"எவ சொன்னா?" என்றேன்.

"சேச்சி சொன்னாங்க."

"எந்தச் சேச்சி?"

"அதான்க்கா, எங்க வூட்ல காலி ரூமுக்குப் புதுசா வந்திருக்காங்கன்னு சொன்னேனே, கேரளாக்காரங்க. வேலையும் ஒரே இடம். ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸுலதான் வரோம். அவங்களும் உன் கட்சிதான், தெரியுமா? ரொம்ப வருஷமா பச்சை. மைதானத்துக்கே போய்ப் பாக்கறவங்க. சுருட்டை போறான்னு கேட்டதுல இருந்து சரியா சாப்பிடவே இல்ல."

"உண்மையான பச்சைக்காரியா இருந்தா இத நம்புவாங்களாடி?" என்று கேட்டேன். வேடிக்கையாகக் கேட்பதுபோல்தான் கேட்டேன். ஆனால் போனை வைத்த பிறகு பியூஸ்களைத் துடைக்கத் துடைக்க, சுருட்டையைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. சேச்சி என்றால் மலையாளத்தில் அக்கா. அந்த ஒரு சொல்லைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அந்தச் சொல் இல்லாமல் ஒரு போனும் இல்லை. சேச்சி சொன்னாங்க, சேச்சி தலை பின்னிவிட்டாங்க, சேச்சி ஒரு கடை காட்டினாங்க, நம்ம ஊர் முருங்கைக்கீரை கிடைக்குது. பஸ்ஸில் பக்கத்திலேயே அவர் உட்கார்ந்திருப்பார். தங்கை ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள். நான் பச்சையைப் பற்றி ஒன்று சொல்ல ஆரம்பித்தால் அது அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். நான் எழுத்துக்கூட்டிப் படித்ததை அவர் கண்ணால் பார்த்திருப்பார். மைதானத்தில் எந்தப் பக்கம் காற்று அடிக்கும் என்பதுகூட அவருக்குத் தெரியும். முன்னெல்லாம் என் தங்கை எதிர்வாதம் செய்வது என்னோடு. இப்போது வாதமெல்லாம் அவர்கள் இருவருக்குள் முடிந்துவிட்டு, தீர்ப்பு மட்டும் எனக்கு வந்தது.

எதிர் பெஞ்சு அக்கா இதையெல்லாம் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

"நீ என்னயும் அக்காங்கற," என்றார் ஒருநாள். "நாள் பூரா அக்கா அக்கான்னுதான் கூப்படற. உன் தங்கச்சி வந்து அதுக்கு எங்கிட்ட சண்ட போட்டாளா?"

"அது வேறக்கா."

"என்னா வேற?"

டீ கிளாஸைக் கழுவ எழுந்து போய்விட்டேன்.

ஆவணி பிறந்தபோது அங்கே ஆட்டங்கள் தொடங்கியிருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை ஒரு படம் அனுப்பினாள். மைதானம். பின்னால் கடல்போலக் கூட்டம், எல்லாம் பச்சை. முன்னால் இரண்டு பேர். கண்ணாடி போட்ட, வட்ட முகம் உள்ள ஒரு பெண். அவர் கை என் தங்கையின் தோளில். என் தங்கையின் கழுத்தில் பச்சைத் துண்டு. இரண்டு பேரும் ஒரே மாதிரி வாயைப் பிளந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். கீழே, "கட்சி மாறிட்டேன் அக்கா, தாத்தாகிட்ட சொல்லிடாத" என்று எழுதியிருந்தாள். தாத்தா என்றது அந்த நீலக் கட்சி வயசாளியை.

நான் அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவள் கொஞ்சம் சதை போட்டிருந்தாள். முகம் தெளிவாக இருந்தது. அக்காவாக நான் அதற்குச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பச்சை என்னுடையது என்றுதான் தோன்றியது. இரண்டு வருஷம் நான் கூப்பிட்டு வராதவள், யாரோ ஒருத்தி கூப்பிட்டதும் போய்விட்டாளே. அந்தத் துண்டு அவள் கழுத்துக்கு நன்றாக வேறு இருந்தது.

மறுநாள் டீ நேரத்தில் அவள் கூப்பிட்டதும் முதல் வேலையாகச் சொன்னேன்.

"நான் நீலத்துக்கு மாறிட்டேன்."

"என்னாக்கா சொல்ற?"

"நீ மாறலாம், நான் மாறக்கூடாதா? சுருட்டை எங்க கிளப்புக்கு வரட்டும். வந்தாதான் நல்லது. நெட்டை பந்தப் புடிச்சிக் குடுத்தா இவன் கொண்டுபோய்ப் போடுவான்."

முந்தின நாள்வரை அவன் வரவேமாட்டான் என்று சத்தியம் செய்தவள் நான். அந்தப் பக்கம் இரண்டு சிரிப்பு ஒன்றாகக் கேட்டது. ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாள். அந்தப் பெண் மலையாளத்தில் ஏதோ சொன்னார். அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஆனால் என் தங்கை அதற்கு மலையாளத்திலேயே பதில் சொன்னாள். ஒரு வரிதான், ஆனால் தடுமாறாமல். அதற்கு மறுபடி ஒரு சிரிப்பு.

அவள் பேசி எனக்குப் புரியாமல் போனது பிறந்ததிலிருந்து அன்றைக்குத்தான்.

"வேல இருக்குது, வைக்கறேன்," என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுத்த நாளிலிருந்து போனை எடுக்கவில்லை. டீ நேரத்தை மாற்றிவிட்டார்கள் என்று ஒரு செய்தி அனுப்பினேன். எதிர் பெஞ்சு அக்கா டீயை உறிஞ்சிக்கொண்டே, மேஜையில் நடுங்குகிற என் போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

தங்கை என் கணவருக்குச் செய்தி அனுப்பியிருக்கிறாள். சாயங்காலம் அவர் பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே வரும்போதே கேட்டார்.

"அக்காவுக்கு உடம்பு சரியில்லியான்னு கேக்கறா. நான் என்னா சொல்லட்டும்?"

"வேல அதிகம்னு சொல்லுங்க."

"அந்தச் சுருட்டை எங்க போனா உனக்கு என்னா?"

"சுருட்டையப் பத்தி யாரு பேசனா இப்ப?"

அவர் என்னை நன்றாகப் பார்த்தார். "எங்கிட்டகூட நீ இப்படி மூஞ்சத் தூக்கி வச்சிக்கிட்டதில்ல," என்றார். அதில் அவருக்கும் கொஞ்சம் வருத்தம் இருந்ததுபோல் எனக்குப் பட்டது.

பேசவில்லையே தவிர, வதந்திகளைப் படிப்பதை நான் நிறுத்தவில்லை. அந்த நேரத்தில் அவளும் இதையேதான் படித்துக்கொண்டிருப்பாள் என்று தெரியும். ஆள் மாற்றுவதற்கான கெடு முடியப்போகிற வாரம். ஒரு நாள் சுருட்டை நீலத்தோடு பேசி முடித்துவிட்டான் என்று போட்டார்கள், மறுநாள் இல்லை என்று போட்டார்கள். சொல்ல ஆள் இல்லாமல் எதிர் பெஞ்சு அக்காவிடம் சொன்னேன். அவர் ஊரில் நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் எடுக்கப் போகிறார்கள் என்ற பேச்சு அவர் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. வதந்தி கேட்டே பாதி வாழ்க்கை போய்விட்டது என்பார்.

"அந்தப் பையன் வூடு பாத்துட்டானா?" என்று கேட்டார்.

"ரெண்டு கிளப்பும் ஒரே ஊருதாங்க்கா. வூடே மாற வேணாம்."

"அப்ப போனாலும் போவான்," என்று சொல்லிவிட்டு, ஸ்பாஞ்சைப் பிழிந்தார்.

அந்த வாரக் கடைசியில், ஞாயிற்றுக்கிழமை உச்சிவெயிலில் மொட்டை மாடியில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. வெளிநாட்டு நம்பர். தங்கைக்கு என்னமோ ஏதோ என்று பதறி எடுத்தேன்.

"அக்காவா? ஞான் இங்க உங்க தங்கச்சிகூட இருக்கற ஆளு."

அவர் கோயம்புத்தூரில் நர்சிங் படித்தவராம். தமிழ் நன்றாகவே வந்தது, நடுநடுவே மலையாளம் எட்டிப் பார்த்தது. என்னையும் அவர் அக்கா என்றே கூப்பிட்டது எனக்கு எரிச்சலாக இருந்தது.

"அவளுக்கு ஒண்ணும் இல்லயே?" என்றேன்.

"இல்லக்கா, அவ டியூட்டிக்குப் போயிருக்கா. உங்ககிட்ட மட்டும் ஒரு காரியம் பேசணும். எனக்கு ஆஸ்திரேலியாவுல வேல கிட்டியிருக்கு. அடுத்த மாசம் போறேன். அவகிட்ட ஞான் இன்னும் பறஞ்சிட்டில்ல, சொல்லல."

என் மனசில் முதலில் வந்தது சந்தோஷம்தான். மறைக்க ஒன்றுமில்லை. மிளகாய் நெடியில் ஒரு தும்மல் வந்தது. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு போனைத் தள்ளிப் பிடித்தேன்.

"எங்கிட்ட எதுக்கு சொல்றீங்க?" என்று கேட்டேன்.

"கேட்டா அவ உடைஞ்சு போவா. எப்படிச் சொன்னா தாங்குவான்னு உங்களுக்குத்தானே தெரியும்."

அது எனக்குத் தெரியும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சொன்னேன். பசியில் இருக்கும்போது சொல்லக் கூடாது, வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு சொல்ல வேண்டும். முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூடாது, கையில் ஏதாவது வேலையைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும். முதலில் கோபப்படுவாள், அதைக் கண்டுகொள்ளக் கூடாது. அவர் ஒவ்வொன்றுக்கும் "சரி அக்கா, சரி அக்கா" என்றார். பாடம் எடுப்பதுபோல் நான் சொல்லிக்கொண்டே போனேன்.

"அழுதான்னா தொடாதீங்க. கிட்ட போனா தள்ளிவுட்ருவா. சின்ன வயசுல இருந்தே அப்படித்தான்."

இதற்கு மட்டும் அவர் சரி என்று சொல்லவில்லை.

"இல்லக்கா," என்றார் மெதுவாக. "இங்க அவ அழுதா எம்மேல சாஞ்சிதான் அழுவா."

எங்கள் வீட்டில் யார் தோளிலும் அவள் சாய்ந்ததில்லை. அப்பா செத்தபோதுகூட கதவைத் தாழ்போட்டுக்கொண்டு அழுதவள். அங்கே போய் அவள் மாறிவிட்டாளா, இல்லை எங்கள் யாரிடமும் அவளுக்குச் சாயத் தோன்றவில்லையா என்று எனக்குத் தெரியவில்லை. அதை அந்தப் பெண்ணிடம் கேட்கவும் முடியாது.

"அப்ப உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரியே சொல்லுங்க," என்றேன். குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது.

"கோபமா அக்கா?"

"இல்ல. வெயில்ல நிக்கறேன்."

வைப்பதற்கு முன்னால் அவர், "சுருட்டை போகமாட்டான்" என்றார். "எங்ககிட்ட வந்தா நான் பாத்துக்கறேன்," என்றேன், இனி நான் நீலம் என்ற நினைப்பில். இரண்டு பேரும் கொஞ்சம் சிரித்தோம். கொஞ்சம்தான்.

மூன்று நாலு நாள் கழித்து டீ நேரத்தில் போன் வந்தது. எடுத்தேன்.

"அக்கா," என்றாள். பஸ்ஸில்தான் இருந்தாள். அன்று தனியாக வந்திருக்கிறாள். பொது இடத்தில் மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதாள்.

"சேச்சி போறாங்கக்கா."

"தெரியும். எங்கிட்ட சொன்னாங்க."

"உங்கிட்டயா? எப்ப?"

அவளுக்கு முன்னால் எனக்குத் தெரியும் என்பதைச் சொல்லிக் காட்டிவிட்டேன். அதில் எனக்குக் கிடைத்த திருப்தி ஒரு வாய் டீ விழுங்கும் நேரம்கூட நிற்கவில்லை. அவள் அழுகை அதிகமாயிற்று. என்னிடம் முதலில் சொன்னார்களே என்ற கோபமும் அதில் சேர்ந்துகொண்டது. என்னைப் பார்த்து அவளுக்கும் அப்படித் தோன்றலாம் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

என் கல்யாணத்தன்று நான் காரில் ஏறியபோது மண்டபத்தில் எல்லோரும் அழுதார்கள். இவள் மட்டும் அழவில்லை. பந்தியில் உட்கார்ந்து இரண்டாவது முறை பாயசம் வாங்கிக்கொண்டிருந்தாள். இப்போது யாரோ ஒருத்திக்காக இப்படி அழுகிறாள். அதைக் கேட்டு ஆறுதல் சொல்ல வேண்டியவள் நான். எதிர் பெஞ்சு அக்கா என் டீயை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தார். அது ஆடை கட்டி ஆறிப்போயிற்று.

நான் இருக்கேன்ல என்று சொல்ல வாய்வரை வந்தது. சொன்னால் நான் போதாது என்று தெரிந்துவிடும் என்று பயமாக இருந்தது. அதனால், "சுருட்டை போவல, படிச்சியா? பழைய எடத்துலயே புதுசா கையெழுத்துப் போட்டுட்டான்," என்றேன்.

"படிச்சேன்," என்றாள் அழுகைக்கு நடுவில். "நீதான் நீலமாச்சே. உனக்கு வருத்தமாவா இருக்குது?"

"பின்ன இருக்காதா? நெட்டை தனியா என்னா பண்ணுவான்?"

அவள் சிரித்தாளா அழுதாளா என்று சரியாகக் கேட்கவில்லை. அவள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்துவிட்டது.

சேச்சி போய்விட்டார். நான் பழையபடி போனை எடுக்கிறேன். தங்கை பச்சை, நான் நீலம். அந்த இல்லத்து வயசாளிக்கு மட்டும் இன்னும் விஷயம் தெரியாது, துண்டைப் பைக்குள் ஒளித்துவைத்துக்கொண்டுதான் கஞ்சி ஊட்டப் போகிறாள். காலி அறைக்கு வேறொரு பெண் வந்திருக்கிறாள், அவளுக்குக் கால்பந்தே பிடிக்காதாம். அதைக் கேட்டு எனக்கு நிம்மதியாக இருந்தது என்று இங்கே எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

தை மாசம் தங்கை லீவில் வந்தாள். இரண்டாம் நாளே, "நான் சமைக்கறேன், நீ உக்காரு" என்று என்னை அடுப்படியிலிருந்து வெளியே அனுப்பினாள். மீன் குழம்பு. புளிக்குப் பதிலாகக் கறுப்பாகக் காய்ந்த கொடம்புளி என்கிற கேரளத்துப் புளியைப் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டாள், தேங்காய் எண்ணெயில் தாளித்தாள். ஆஸ்திரேலியாவுக்கு வீடியோ போட்டு, போனைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுச் செய்தாள். கூடத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த எனக்கு இரண்டு குரலும் கேட்டன. இப்போது பாதி மலையாளம் எனக்கும் புரிந்தது.

சாப்பிட உட்கார்ந்தோம். என் கணவர் இரண்டாவது முறை சோறு கேட்டு வாங்கினார். தங்கை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். போனிலிருந்து அந்த வட்ட முகமும் பார்த்துக்கொண்டிருந்தது.

"எப்படிக்கா இருக்குது?"

நான் அதுவரை சாப்பிட்ட மீன் குழம்பிலேயே அதுதான் நல்ல குழம்பு.

"உப்பு கொஞ்சம் கம்மி," என்றேன்.